கையை எடுக்கத் தெரிந்தவர்

சுதந்திராக் கட்சியின் அடிப்படைக் கொள்கைகள் மொத்தம் 21. அவற்றைப் படிக்க உட்காருகிறவர்கள் கடைசியிலிருந்து தொடங்குவது நல்லது. முதல் இருபதில் நிலம் வரும், தொழில் வரும், வரி வரும், அரசின் தலையீடு எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்ற கோரிக்கை வரும். 21ஆவது கொள்கையில் இவை எதுவும் இல்லை. மேலே சொன்னவற்றுக்குள் அடங்காத எந்த விஷயத்திலும் உறுப்பினர் தனக்குச் சரியென்று பட்ட கருத்தை வைத்துக்கொள்ள முழு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. கட்சி அதில் குறுக்கே வராது.

1959 ஆகஸ்டில் பம்பாய் மாநாட்டில் இந்தக் கட்சி பிறந்தபோது, அதைத் தொடங்கிய ராஜாஜிக்கு வயது 80. கட்சி தொடங்குகிறவர்கள் முதலில் கட்டுப்பாட்டைப் பற்றித்தான் யோசிப்பார்கள். ஆளைச் சேர்ப்பதும் சேர்ந்தவரைத் தக்கவைப்பதும் அவர்களுக்குப் பெரிய கவலை. இங்கோ கட்சி தன் அதிகாரத்துக்குத் தானே எல்லைக்கல் நட்டுவிட்டுப் பிறந்தது. அரசுக்கு வரம்பு வேண்டும் என்று கேட்கிறாயே, உன் கட்சிக்கு வரம்பு உண்டா என்று ஒருவன் கேட்பதற்கு முன்பே அவன் கையில் பதில் கொடுத்தாயிற்று. ஒரு தத்துவம் உண்மையா பாவனையா என்பதை, அதைச் சொல்கிறவர் தன் மீது அதை எப்படிப் பிரயோகிக்கிறார் என்பதில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சோதனையில் 21ஆவது கொள்கை தேறுகிறது.

அதற்கு நடைமுறைப் பயனும் இருந்தது. ஆந்திர விவசாயிகளோடு விவசாயியாக நின்ற என். ஜி. ரங்கா கட்சித் தலைவர். சோஷலிஸ்டாகத் தொடங்கி அதிலிருந்து விலகி வந்த பம்பாய்க்காரர் மினு மசானி பொதுச்செயலாளர். கே. எம். முன்ஷி இன்னொரு திசை. மதுவிலக்கில் ராஜாஜிக்கு இருந்த பிடிவாதம் இவர்கள் எல்லாருக்கும் இருந்தது என்று சொல்ல முடியாது. மொழிப் பிரச்சினையிலும் இவர்கள் ஒரே குரல் அல்ல. ஆனாலும் ஒரே பந்தியில் உட்கார முடிந்தது. இன்றைக்கு இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போய்விடும். அரசு கவிழுமா கவிழாதா என்ற வாக்கெடுப்புக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே வைத்துக்கொள்ளலாம். சாதாரண மசோதாவுக்கும் அதே கத்தி எதற்கு? 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு இந்தப் பிடியைத் தளர்த்தச் சொன்னது. இன்னும் தளரவில்லை.

இந்த நுட்பத்தை ராஜாஜி எங்கே கற்றார் என்று தேடினால் எங்கள் சேலம் பக்கம்தான் வர வேண்டியிருக்கிறது. அவர் 1878இல் பிறந்த தொரப்பள்ளி, ஓசூர் அருகே, அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்தது. தகப்பனார் அந்த ஊர் முன்சீப். அரசாங்கம் என்பது ஒரு கிராமத்தில் என்ன உருவத்தில் வரும், மணியக்காரரின் ஒரு வார்த்தைக்கு எத்தனை பேர் கைகட்டி நிற்பார்கள் என்பதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்திருக்கக்கூடிய காட்சிகள். 1900இல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். அந்த ஊர் வக்கீல்களில் மூத்தவர் சி. விஜயராகவாச்சாரியார். 1882 சேலம் கலவர வழக்கில் சிக்கித் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் விடுதலையாகி, நகரசபையிலிருந்து தன்னை நீக்கியது தவறு என்று அரசாங்கத்தின் மீதே வழக்குப் போட்டு வென்றவர். அரசாங்கத்தைச் சட்டத்தின் முன் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்பது சேலம் கோர்ட்டு வளாகத்தில் அன்றே ரத்தமும் சதையுமாக நடமாடிக்கொண்டிருந்த எண்ணம். இளைய வக்கீலுக்கு அது கண்ணில் படாமல் இருந்திருக்காது. 1917 முதல் 1919 வரை அதே நகரசபைக்கு ராஜாஜி தலைவராக இருந்தார்.

பிறகு ரௌலட் சட்டம் வந்தது, ஒத்துழையாமை வந்தது. 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அங்கே அவர் எழுதிய நாட்குறிப்பில் 1922 ஜனவரியில் ஒரு பதிவு இருக்கிறது. சுயராஜ்யத்துக்காகச் சிறைக்கு வந்தவர், அந்தச் சுயராஜ்யம் கிடைத்த மறுநாளே நல்லாட்சி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம் என்கிறார். தேர்தலும் அதன் ஊழலும், அநீதியும், பணத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத் திறமைக்குறைவும் சேர்ந்து மக்களை வாட்டும் என்று முன்கூட்டியே கவலைப்படுகிறார். சுதந்திரத்துக்கு இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. தான் எந்த ஆட்சியைக் கொண்டுவரப் போராடுகிறோமோ அந்த ஆட்சியையே சந்தேகத்தோடு பார்க்கும் கண், போராட்டத்தின் சூட்டில் இருக்கிற 43 வயது மனிதருக்கு வாய்ப்பது அபூர்வம். 1959இல் அவர் திடீரென்று மாறிவிட்டார், பதவி போன கோபத்தில் காங்கிரஸை எதிர்த்தார் என்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். அந்த இழை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம். நிலம் கொடுத்தவர் ரத்தினசபாபதிக் கவுண்டர். மழை பொய்த்த மேட்டுக்காட்டு ஊர்கள். பஞ்சைக் கொடுத்து நூலை வாங்கிக்கொண்டு, நூற்ற பெண்ணின் கையில் அன்றைக்கே காசு சேரும்படி நடந்த ஏற்பாடு அது. ஒதுக்கப்பட்ட சாதியாரும் மற்றவர்களும் அங்கே ஒன்றாக இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சுற்று வட்டாரத்தில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது, ஆசிரமம் பின்வாங்கவில்லை. அரசு உத்தரவு ஒன்றுகூட இல்லாமல் ஒரு வட்டாரத்தின் வறுமையிலும் சாதிக் கட்டிலும் கை வைக்க முடியும் என்பதை அவர் அங்கே வாழ்ந்து பார்த்தார். சிறிய அரசு, வரம்புள்ள அரசு என்றெல்லாம் பேசுகிறவர்களிடம், அப்படியானால் ஏழையை யார் பார்ப்பது என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ராஜாஜியிடம் கேட்டால் புதுப்பாளையத்துப் பக்கம் கை காட்டியிருப்பார். அந்தப் பதில் எல்லாப் பஞ்சத்துக்கும் போதாது. ஆனால் தன் உடம்பால் வேலை செய்து சம்பாதித்த பதில் அது.

இனி நிலத்துக்கு வருவோம். இந்த வட்டாரத்தின் மண்ணில் அவருடைய அரசியல் எவ்வளவு ஆழமாக வேர்விட்டிருந்தது என்பது இதில்தான் துலங்குகிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு. அவருடைய உதவியாளர்களில் ஒருவர், பின்னாளில் சென்னைக்கு கவர்னரான தாமஸ் மன்றோ. நடுவில் ஜமீன்தாரோ குத்தகைதாரரோ இல்லாமல், உழுகிறவன் பெயரிலேயே வயலை அளந்து, தீர்வையைக் குறித்து, அவனிடமே நேராக வாங்கும் ரயத்துவாரி முறை இந்தச் சமவெளியில்தான் உருவெடுத்தது. தீர்வை கனமாகவே இருந்தது. பிறகு பல இடங்கள் மிட்டா என்ற சிறு ஜமீன்களாக ஏலமும் போயின. ஆனாலும் பட்டா என்ற காகிதத்தில் தன் பெயரைப் பார்த்த உழவனின் நிமிர்வு இங்கே முளைவிட்டு ராஜதானி முழுக்கப் பரவியது. எங்கள் ஊர்களில் பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். அந்த மரியாதைக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

1961இல், கேரளச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ரயத்துவாரி நிலம் அரசியல் சட்டம் சொல்லும் ‘எஸ்டேட்’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜமீன்களைக் கையகப்படுத்துவதற்காக எழுதப்பட்ட சலுகைச் சட்டத்தால் சாதாரணப் பட்டாதாரின் நிலத்தைத் தொட முடியாது என்பதே அதன் பொருள். அரசு விடவில்லை. அந்தச் சொல்லின் வரையறையையே விரித்து, ரயத்துவாரி நிலத்தையும் அதற்குள் கொண்டுவரும் 17ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தது. மக்களவையில் முதல் முறை தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை. 1964 ஜூனில் மறுபடி கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ராஜாஜி 85 வயதில் இதை எதிர்த்துப் போராடினார். ரயத்துவாரி பிறந்த மாவட்டத்தில் பிறந்து, அந்த மாவட்டத்துக் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர், அதன் கடைசிப் போரிலும் நின்றார். தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனாலும் எனக்கு அது அவர் வாழ்க்கையின் அழகான பொருத்தங்களில் ஒன்றாகத் தெரிகிறது. உச்சவரம்புக்குள் சொந்தப் பயிரில் இருக்கும் நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்புக்குக் குறையாமல் ஈடு தர வேண்டும் என்ற காப்பு அந்தத் திருத்தத்திலேயே இடம்பெற்றது. எதிர்த்தவர்கள் வீணாகக் கத்தவில்லை.

பட்டாவே இல்லாத பண்ணையாளுக்கு இந்தப் போரில் என்ன பங்கு என்ற கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்வி. சுதந்திராக் கட்சியில் சிறு விவசாயிகளோடு ராஜாக்களும் மகாராணிகளும் இருந்தார்கள். அவர்களுடைய சொத்துக் கவலையும் உழவனுடைய சொத்துக் கவலையும் ஒன்றல்ல. இந்த வேற்றுமையைக் கட்சி போதுமான அளவு பிரித்துப் பேசவில்லை என்பது என் கருத்து. 1952இல் தஞ்சைப் பண்ணையாள்களுக்குப் பாதுகாப்புத் தந்த அவசரச் சட்டம் ராஜாஜியுடையதே என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். கூலிக்காரனை மறந்த மனிதர் அல்லர் அவர்.

அவர் ஓயாமல் சாடிய ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா’ ராஜ்யத்தை நகரத்துப் பத்திரிகைகள் தொழிலதிபர்களின் குறையாகவே பார்த்தன. சேலம், நாமக்கல்காரர்களுக்கு அது தெருவில் நடந்த விஷயம். 1944இல் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், குச்சிக்கிழங்கை அப்படியே உணவாகத்தான் பயன்படுத்த வேண்டும், அதிலிருந்து ஜவ்வரிசி, மாவு செய்யக் கூடாது, மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது என்று சேலம் கலெக்டர் உத்தரவிட்டார். சேகோ தொழில் தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதைத் தொடங்கியவர்களில் முன்னவரான மாணிக்கம் செட்டியார் உற்பத்தியாளர்களைச் சங்கமாகத் திரட்டி, மேலே முறையிட்டு, அந்த உத்தரவை நீக்க வைத்தார். அந்த முறையீடு தோற்றிருந்தால் இன்று ஆத்தூர்ப் பக்கத்திலும் ராசிபுரத்துப் பக்கத்திலும் வெயிலில் மாவு காயும் களங்கள் இருந்திருக்குமா? கலெக்டர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பட்டினியைத் தடுக்கத்தான் செய்தார். இதையே ராஜாஜி திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல எண்ணமுள்ள அதிகாரியாலும் ஒரு மாவட்டத்தின் ஆயிரம் பிழைப்புகளை மேசையில் உட்கார்ந்தபடி கணக்குப் போட்டுவிட முடியாது.

லாரியின் கதையும் அப்படித்தான். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ரயிலுக்குப் போட்டி வராமல் பார்த்துக்கொள்ளும் நோக்கத்தோடு, சரக்கு வண்டிகளைப் பர்மிட்டுக்குள் அடைத்தது. எந்த வட்டாரத்தில் ஓடலாம், எல்லை தாண்டினால் அடுத்த மாநிலத்தில் யாரிடம் எதிர்க்கையெழுத்து வாங்க வேண்டும் என்றெல்லாம் விதி. வண்டி வாங்கப் பணம் இருந்தாலும் பர்மிட் இல்லாவிட்டால் பட்டறையில் நிற்க வேண்டியதுதான். 1975இல் நேஷனல் பர்மிட் வந்த பிறகே ஓரளவு மூச்சு விட முடிந்தது. இந்தியா முழுவதும் நாமக்கல் வண்டியைப் பார்க்க முடிவதற்கும், பாடி கட்டும் பட்டறைகள் பெருகியதற்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணறு போட்டதற்கும் பின்னால், நாலு ஏக்கர் மேட்டுக்காட்டை அடகு வைத்துத் துணிந்த குடும்பங்கள் இருக்கின்றன. திட்டக் கமிஷன் எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலும் இவர்களை முன்கூட்டிக் காணவில்லை.

அரசுக்கு வரம்பு கேட்டவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவை நிறுவியவர்களில் ராஜாஜிக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கத் தக்கவர் தாமஸ் ஜெஃபர்சன். இருவரும் வக்கீல்கள், நிறையப் படித்தவர்கள், கடைசிவரை எழுதியவர்கள். சொந்த நிலத்தில் நிற்கும் உழவனே குடியரசின் தூண் என்று நம்பியவர்கள். 1798இல் அரசை ஏசி எழுதுகிறவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் அங்கே வந்தபோது, துணை அதிபராக இருந்துகொண்டே, அதை எதிர்க்கும் கென்டக்கித் தீர்மானங்களைப் பெயர் வெளியே தெரியாமல் எழுதிக் கொடுத்தார் ஜெஃபர்சன். 1801இல் அதிபரானதும் அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். ராஜாஜிக்கு 1919இன் ரௌலட் சட்டம் எப்படியோ, அப்படி அவருக்கு அது. வாயை அடைக்கும் சட்டம்தான் இருவரையும் கூர்மையாக்கியது.

ஒரு சிறிய விவரத்தில் இருவரும் பிரிந்துபோவதுதான் எனக்கு இன்னும் ருசிக்கிறது. 1802இல் ஜெஃபர்சன் உள்நாட்டு வரிகளை ரத்து செய்தபோது விஸ்கி மீதிருந்த வரியும் போயிற்று. வடிக்கிற குடியானவனை வரி வசூலிப்பவன் தொல்லை செய்யக் கூடாது என்பது அவர் பக்கத்து நியாயம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது சாராய வருமானம் போயிற்று. குடிக்கிற குடியானவனின் வீட்டை விழுங்கிக்கொண்டு அரசாங்கம் கொழுக்கக் கூடாது என்பது இவர் பக்கத்து நியாயம். இருவரும் அரசின் கஜானாவுக்குள் வந்துகொண்டிருந்த மதுப் பணத்தை மறுத்தார்கள். அதற்குப் பிறகு பாதை வேறு. ஜெஃபர்சன் செலவைச் சுருக்கினார். ராஜாஜி 1939இல் விற்பனை வரி போட்டார்.

வரம்புள்ள அரசை விரும்பியவர் மதுவிலக்கு போடலாமா, விற்பனை வரி போடலாமா என்று கேட்பவர்களுக்கு, நான் இன்னொரு தேதியையும் காட்டுவேன். 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பாருங்கள். விவசாயியின் கடனில் எந்தத் தேதி வரை ஏறி நின்ற வட்டி ரத்து? 1937 அக்டோபர் 1. சேலத்தில் கள்ளுக்கடை மூடிய அதே நாள். வாங்கிய கடனுக்கு இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. 1952இல் கைத்தறிக்காக வேட்டியையும் சேலையையும் ஒதுக்கும்படி டில்லியை வற்புறுத்தி, ஆலைகளின் வேட்டி உற்பத்தி குறைக்கப்பட்டதற்குப் பின்னாலும் அவர் இருந்தார். சேலத்து, ராசிபுரத்து, குமாரபாளையத்துத் தறிகள் அவர் கண்முன் இருந்திருக்கும். இவையெல்லாம் அரசின் கை நீளும் காரியங்கள்தான். ஆனால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. சாராயக்கடைக்காரன், வட்டிக்காரன், ஆலை முதலாளி என்று எளியவனின் கழுத்தில் ஏற்கெனவே ஒரு கை இருக்கும் இடத்தில், அதை விலக்குவதற்கு மட்டும் அரசின் கையை அவர் நீட்டினார். அரசின் கையே கழுத்தைப் பிடிக்கத் தொடங்கியபோது அதை எடுக்கச் சொன்னார். புத்தகத்திலிருந்து எடுத்த சித்தாந்தத்துக்கு இந்த நெளிவு வராது.

இதே அளவுகோலால் அவரை அளந்தால் அவர் தவறிய இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை மறைத்துப் புகழ்வது அவருக்கே அவமரியாதை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்தவர்களை, காங்கிரஸ் முன்பு கண்டித்த அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தைக் கொண்டு சிறையில் அடைத்தார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் அந்தச் சிறைவாசத்தில் உயிர் விட்டார்கள். பிள்ளைகளின் நாக்கில் ஒரு மொழியை ஆணையிட்டு ஏற்றும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை என்பது அவருக்கு அப்போது தெரியவில்லை. 1950களின் இறுதியில் இந்தித் திணிப்புக்கு எதிராக அவரே முன்னணியில் நின்றபோது தெரிந்திருந்தது. 1951இல் மத்திய உள்துறை அமைச்சராகப் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நிறைவேற்றினார். இங்கே ஜெஃபர்சன் அவரைவிட உயர்ந்து நிற்கிறார். 1953இல் கிராமத் தொடக்கப் பள்ளியின் நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். சாதியும் தொழிலும் ஒட்டிக்கிடக்கும் நாட்டில் அது சலவைக்காரர் பிள்ளையைச் சலவைக்கும் செருப்புத் தைப்பவர் பிள்ளையைச் செருப்புக்கும் திருப்பி அனுப்புவதாக மக்கள் கண்டார்கள். சரியாகத்தான் கண்டார்கள். சட்டசபையைக் கலந்தாலோசிக்காமல், தன் கட்சியைக்கூடக் கலந்தாலோசிக்காமல் செய்தார் என்பது இன்னும் மோசம். அந்தத் திட்டம் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1954இல் காமராஜர் அதைக் கைவிட்டார்.

ஜெஃபர்சனுக்கும் இப்படிப்பட்ட பக்கங்கள் உண்டு. 1807இல் தன் நாட்டுக் கப்பல்கள் வெளிநாட்டு வியாபாரத்துக்குப் போகவே தடை போட்டுத் துறைமுகங்களை முடக்கினார். எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அந்தக் கைக்குச் சொந்தமாக, வாழ்நாள் முழுவதும் சேர்த்து, 600க்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். ராஜாஜியின் தவறுகளை அந்தத் தராசில் போட நான் விரும்பவில்லை. இரண்டும் வேறு வேறு எடை. ஆனால் சுதந்திரத்தைப் பற்றி நன்றாக எழுதியவர்கள் எல்லோரையும் அவர்கள் எழுதியதைக் கொண்டே நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பது இரண்டிலும் பொது.

இவ்வளவுக்கும் பிறகு, அவர் செய்தவற்றில் எது சிறந்தது என்று என்னைக் கேட்டால் சுதந்திராக் கட்சியைச் சொல்ல மாட்டேன். 1967இல் மக்களவையில் 44 இடம் பெற்று மிகப் பெரிய எதிர்க்கட்சியாக அது உயர்ந்ததையும் சொல்ல மாட்டேன். 1952 ஜூனைச் சொல்வேன்.

அந்த ஏப்ரலில் அவர் சென்னை மாநில முதலமைச்சரானபோது காங்கிரஸுக்குச் சட்டசபையின் 375 இடங்களில் 152தான். அவரே தேர்தலில் நின்று வரவில்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு வந்தார். அது குறையே, அன்றே கண்டனத்துக்கு ஆளான குறை. மாநிலத்தில் தொடர்ந்து பல ஆண்டுகள் மழை பொய்த்திருந்தது. யுத்த காலத்தில் வந்த ரேஷன் இன்னும் நடந்துகொண்டிருந்தது. உழவன் அரசுக்கு லெவி நெல்லைக் கொடுக்க வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் தானியத்தைக் கொண்டுபோக அனுமதி வேண்டும். சாலைகளில் செக்போஸ்ட். இந்த ஏற்பாட்டினால் நெல் பதுங்கியது. பதுங்கியது கள்ளச்சந்தைக்குப் போனது. செக்போஸ்டில் கை மாறியது. அட்டை வைத்திருந்தவன் வரிசையில் நின்றான்.

பெரும்பான்மை இல்லாத முதலமைச்சருக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது. யாருக்கு அரிசிக்கடை, யாருக்கு லாரிக்கு அனுமதி, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதெல்லாம் கொடுத்து ஆள் சேர்க்கக்கூடிய வரங்கள். பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில் ராஜாஜி அவற்றைத் தூக்கிப் போட்டார். ரேஷனை எடுத்தார், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். டில்லியில் தயக்கம் பலமாக இருந்தது. உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் ஆதரித்தார். பஞ்சம் வரும், விலை வானத்துக்கு ஏறும் என்றார்கள். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 1954க்குள் நாடு முழுவதும் உணவுக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது.

எதிர்க்கட்சியில் உட்கார்ந்து அரசைச் சுருக்கச் சொல்வது சுலபம். 1959க்குப் பிறகு அவர் எழுதியவை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், பதவியில் இல்லாதவர் எழுதியவைதான். 1952இல் அதிகாரம் அவர் கையில் இருந்தது, அது அவருக்குத் தேவையாகவும் இருந்தது, பிடித்து வைத்துக்கொள்ள நல்ல காரணமும் இருந்தது. அந்த நிலையில் கையைத் திறந்தவர்கள் நம் நாட்டு ஆட்சியாளர்களில் எத்தனை பேர்? அவரைப் பற்றிய பேச்சு வந்தால் பாதிப் பேர் 1953இல் நின்றுவிடுகிறார்கள், மீதிப் பேர் 1959இல் தொடங்குகிறார்கள். இந்த மாவட்டங்களில் அரசியல் படிக்கும் பிள்ளைகள் 1952ஆம் ஆண்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்: அன்றைய சட்டசபை விவாதங்களையும் பத்திரிகைகளையும் தேடி, ஓர் அரசாங்கம் தன் அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்த அந்தச் சில வாரங்களை நாள் நாளாகப் படிக்க வேண்டும்.